முதல் இரண்டு வாரம் கேட்டைத் திறந்து வையுங்கள்: மழலையர் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மழலையர் வகுப்புகளும் ஆரம்ப வகுப்புகளும் நடத்தும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், நிர்வாகத்தினருக்கும், வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு கல்வியாண்டு தொடங்கும்போதும் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். சீருடை, ஷூவின் நிறம், நோட்டுப் புத்தக அட்டை, வண்டி வரும் நேரம், கட்டணம் கட்ட வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு விதியும் இருக்கும்: குழந்தையை வாசலில் விட்டுவிட்டுப் பெற்றோர் உடனே கிளம்பிவிட வேண்டும், உள்ளே அனுமதி இல்லை. நான் எழுதுவது அந்த விதியைப் பற்றித்தான். ஆண்டு முழுவதும் அது இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் மட்டும் அதைத் தளர்த்துங்கள் என்று கேட்கிறேன்.

பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்று தெரியும். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து போகலாம் என்றால் முதலில் பயப்படப்போவதும் நாங்கள்தான். அதனால் கூட்டமாக உள்ளே விடச் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், அடையாள அட்டையோடு, குறிப்பிட்ட நேரத்துக்கு. அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவன் இந்த ஆண்டு மழலையர் வகுப்பில் சேர்ந்தான். பெரியவள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். ஊரறிய அழுதது சின்னவன். ஆனால் அதிகம் தவித்தது பெரியவள். அவளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, அவள்தான் ‘பழைய மாணவி’ ஆயிற்றே. அவள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சின்னவனை வாசலில் ஓர் உதவியாளர் அம்மா வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் சட்டையைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார். “நீங்க போங்க சார், நீங்க போனா சரியாயிடுவான்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே நேரத்தில் இருபது குழந்தைகள் அலறும்போது அவர் வேறு என்னதான் செய்ய முடியும்? அவர் சொன்னதும் பாதி உண்மை. அப்பாவோ அம்மாவோ கண்ணிலிருந்து மறைந்த சில நிமிடங்களில் பல குழந்தைகள் அழுகையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அழுகை நின்றதும் குழந்தை பழகிவிட்டது என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிடுகிறோமே, அங்கேதான் தவறு நடக்கிறது.

இதே வாதத்தை ஒரு காலத்தில் மருத்துவமனைகள் சொல்லின. 1950களில் இங்கிலாந்தில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த சின்னக் குழந்தைகளைப் பெற்றோர் விரும்பியபோதெல்லாம் பார்க்க முடியாது. சில இடங்களில் வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் கொஞ்ச நேரம்தான். காரணம் கேட்டால், பெற்றோர் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராமல் இருந்தால் அமைதியாக இருக்கிறது என்பார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளரும் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரும் அந்த அமைதியை உட்கார்ந்து கவனித்தார்கள். குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. அப்புறம் நம்பிக்கை போய் அடங்கிவிடுகிறது. பிரிவு இன்னும் நீண்டால் பெற்றோர் வந்தாலும் முகம் கொடுக்காமல் விலகிக்கொள்கிறது. இரண்டாவது நிலையைத்தான் வார்டில் இருந்தவர்கள் ‘சமத்தாகிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் தடையில்லாமல் வந்து பார்க்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. இன்றைக்குக் குழந்தைகள் வார்டில் அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே படுத்திருப்பது பல இடங்களில் சாதாரணம்.

சில மணி நேரப் பள்ளியை நாள்கணக்கான அந்தப் பிரிவோடு சமமாக வைக்க முடியாது. பள்ளிக்குப் போன குழந்தை மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறது, பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் நன்றாகவே பழகியும் விடுகிறார்கள். பள்ளி குழந்தையைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துவது என் நோக்கமில்லை. அழாத குழந்தையையும் கவனியுங்கள் என்பதற்குத்தான் இதைச் சொன்னேன். மூலையில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாரோடும் சேராமல், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அதனாலேயே அது யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, வேறு எப்படித்தான் செய்வது? செய்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1980களில் பெர்லினில் இன்ஃபான்ஸ் என்ற நிறுவனத்தில் உருவான ஒரு முறை இன்று ஜெர்மனியின் குழந்தைக் காப்பகங்களில் பரவலாக இருக்கிறது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு அறைக்குள்ளேயே ஒரு மணி நேரம்போல இருப்பார். அந்த மூன்று நாளும் பிரிவு என்ற பேச்சே கிடையாது. அவர் விளையாட்டுக் காட்ட வேண்டியதில்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும். ஆசிரியர் மெதுவாகக் குழந்தையை நெருங்குவார். நான்காம் நாள் பெற்றோர் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு வெளியே போவார், ஆனால் கட்டடத்துக்குள்தான் இருப்பார். அதிகபட்சம் அரை மணி நேரம். குழந்தை அழுதால் ஆசிரியர் சமாதானப்படுத்திப் பார்ப்பார். சமாதானமானால் அடுத்தடுத்த நாட்களில் நேரம் கூடும். ஆகவில்லை என்றால் பெற்றோரை அழைத்துவிட்டு, இன்னும் சில நாள் பொறுத்து மறுபடி முயல்வார்கள். சிலருக்கு ஒரு வாரத்தில் முடிந்துவிடும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். குழந்தை அழுகிறதா இல்லையா என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அழும்போது அந்த ஆசிரியரின் கையில் சமாதானமாகிறதா என்று பார்க்கிறார்கள். ஆகிறது என்றால் பழகிவிட்டது என்று பொருள். நம் வாசல்களில் இதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. முதல் நாள் தூக்கிக்கொண்டு போகிறவர் ஒருவர், வகுப்பில் இருப்பவர் இன்னொருவர், மாலையில் ஒப்படைப்பவர் மூன்றாமவர்.

அந்த முறை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து உருவானது. மூன்றரை, நான்கு வயதில் சேரும் பிள்ளைகளுக்கு அவ்வளவு நாள் தேவைப்படாமல் போகலாம். அதற்காக ஒரு நாள்கூடத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

உங்கள் தரப்புச் சிக்கல்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்தைந்து, முப்பது குழந்தைகள் இருக்கும் அறையில் இன்னும் முப்பது பெரியவர்கள் எங்கே உட்காருவது? எல்லோரையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஐந்து ஐந்து பேராக, ஒருநாள் விட்டு ஒருநாள், முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் வரச் சொல்லுங்கள். பாடம் பத்து நாள் பிந்தும். மழலையர் வகுப்பில் பத்து நாள் பாடம் பிந்தினால் குடி முழுகிப்போகாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சில பெற்றோர் உள்ளே விட்டால் வெளியே போகவே மாட்டார்கள், ஊட்டிவிடுவார்கள், மற்ற பிள்ளைகளை அதட்டுவார்கள், மொபைலில் படம் எடுப்பார்கள். உண்மைதான், எங்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. அதற்கு விதி போடுங்கள். மொபைல் வெளியே, பேச்சு கிடையாது, நாற்காலியை விட்டு எழக்கூடாது. நாங்கள் கேட்போம். குழந்தையின் நன்மைக்கு என்றால் நாங்கள் எந்த விதிக்கும் கட்டுப்படுகிறவர்கள்தான், ஷூவின் நிறத்துக்கே கட்டுப்படுகிறோமே.

வேலைக்குப் போகிற பெற்றோர் எப்படி வருவார்கள் என்பதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் அம்மா அப்பா என்று எழுதாமல் ‘ஒரு பெரியவர்’ என்று எழுதினேன். தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் குழந்தைக்குப் பழகிய முகமாக இருந்தால் போதும். யாருமே வர முடியாத குழந்தைகளும் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் பெரியவரோடு இருக்கும்போது அந்தச் சிலரிடம் ஆசிரியரால் முழுக் கவனம் வைக்க முடியும். இப்போது நடப்பதுபோல எல்லாரும் ஒரே நேரத்தில் அழுதால் அதுவும் முடியாது. தேதிகளை ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டால் விடுப்புக் கேட்பதும் எளிது. தொடக்க நாளுக்கு முந்தின நாள் இரவு வரும் குறுஞ்செய்தியை வைத்துக்கொண்டு எந்த முதலாளியிடமும் போய் நிற்க முடியாது.

இன்னொரு வேண்டுகோள். குழந்தையின் கவனத்தைத் திருப்பிவிட்டு எங்களை நைசாக நழுவச் சொல்லாதீர்கள். அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் வசதிதான். ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை ஒரு கண்ணை எங்கள் மேலேயே வைத்திருக்கும், வீட்டில் குளியலறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போகிறோம். எப்போது வருவோம் என்பதையும் அவர்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்ல உதவுங்கள். ‘பன்னிரண்டு மணிக்கு’ என்பது நான்கு வயதுக்கு ஒன்றுமே இல்லை. ‘சாப்பிட்டு, கதை கேட்டு முடித்ததும்’ என்றால் புரியும். அதற்கு உங்கள் வகுப்பில் எதற்குப் பின் எது நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளில் நான்கு வரி எழுதித் தந்தால் போதும்.

அப்புறம் அந்தப் பழைய துணி, காது பிய்ந்த பொம்மை. ‘விளையாட்டுப் பொருட்கள் கொண்டுவரக் கூடாது’ என்ற விதியில் அதுவும் மாட்டிக்கொள்கிறது. டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1951லேயே இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாண்டுவதற்குக் குழந்தை தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் துணை அது. சின்னவனிடம் இருப்பது அவன் அம்மாவின் பழைய துப்பட்டாத் துண்டு. பைக்குள்ளேயே கிடக்கட்டும், வேண்டும்போது தொட்டுக்கொள்ளட்டும். தேவை தீர்ந்ததும் அவர்களாகவே விட்டுவிடுவார்கள்.

இப்போது பெரியவள். இரண்டு ஆண்டு அதே பள்ளி, அதே கேட், அதே சீருடை. ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் டீச்சர் மாறினார், பிரிவைக் கலைத்துப் போட்டதில் தோழிகள் வேறு பிரிவுக்குப் போனார்கள், அறை முதல் மாடிக்குப் போனது, கழிப்பறை நீண்ட தாழ்வாரத்தின் அந்தக் கோடியில். பெரியவர்களாகிய நமக்கு இது அதே பள்ளிதான். அவளுக்கு முற்றிலும் புதிய இடம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த பலூனும் பாட்டும்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. முதல் நாளே பாடம் தொடங்கிவிட்டது.

காலையில் சிரித்துக்கொண்டே போவாள். மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடிப்பாள். தம்ளர் தப்பான நிறம், தம்பி அவள் நாற்காலியில் உட்கார்ந்தான், பென்சில் முனை உடைந்தது, எதுவாக இருந்தாலும் அழுகை. ராத்திரி இரண்டு முறை எழுந்து எங்கள் பக்கத்தில் வந்து படுப்பாள். நிறுத்தி வெகு காலமான படுக்கை நனைப்பது திரும்ப வந்தது. பள்ளியில் கேட்டபோது “இங்க ரொம்ப நல்லா இருக்காளே, ஒரு குறையும் இல்லையே” என்றார்கள். பொய் இல்லை. பகல் முழுக்க நல்ல பிள்ளையாக இருப்பதற்கே அவள் சக்தி தீர்ந்துபோகிறது. அடக்கி வைத்ததையெல்லாம் பயமில்லாத இடத்தில் வந்து கொட்டுகிறாள். இந்த வயதில் இது மிகவும் சாதாரணம். ஆனால் பள்ளிக்குப் பகல் மட்டும் தெரிகிறது, எங்களுக்கு மாலை மட்டும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

கடைசியில் ஒரு நாள் குளிக்கும்போது அவளே சொன்னாள். கழிப்பறைக்குப் போக இடைவேளை வரும் வரை பொறுக்க வேண்டும், இடைவேளையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நெரிப்பார்கள், அதனால் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. சாப்பாட்டு டப்பா காலியாக வரும், தண்ணீர் பாட்டில் மட்டும் அப்படியே நிறைந்து வரும். அவ்வளவு நாளும் அதற்குக் காரணம் இதுதான்.

இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு தாங்கும் என்பதற்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி, 30ஆல் பெருக்கினால் தோராயமாக அத்தனை மில்லிலிட்டர். நான்கு வயதுக் குழந்தைக்கு 150. ஆறு வயதுக்கு 210. இதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அடக்கச் சொல்கிறோம். அடக்கி அடக்கிப் பழகிய குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வரும், மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் முற்றினால் அதுவே படுக்கை நனைப்பதைக் கூட்டும். ஆரம்ப வகுப்புகளில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் வழக்கத்தையே எடுத்துவிடுங்கள். கதவருகே ஓர் அட்டை தொங்கட்டும். போகிற பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகட்டும், திரும்பி வந்து மாட்டி வைக்கட்டும். சின்ன வகுப்புகளுக்குப் பெரிய வகுப்பினரோடு சேராத இடைவேளை வேண்டும். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குழந்தையையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தாழ்ப்பாள் எப்படிப் போடுவது, தண்ணீர் எப்படித் திறப்பது என்று காட்டிவிடுங்கள். தாழ்ப்பாளுக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

தூக்கத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது 2016இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொன்ன அளவு. இரவில் சீக்கிரம் படுக்க வைப்பது எங்கள் வேலை, அதில் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழலையர் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புவதும், விடியற்காலையில் வண்டி அனுப்புவதும் உங்கள் கையில் இருக்கின்றன.

வகுப்பாசிரியர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முதல் மாதத்திலேயே ‘இவன் உட்காரவே மாட்டேங்கிறான்’, ‘இவளுக்குக் கவனம் இல்லை’ என்று எங்களிடம் சொல்லத் தொடங்கிவிடுகிறீர்கள். சொல்வதற்கு முன்னால் அந்தக் குழந்தையின் பிறந்த தேதியைப் பாருங்கள். ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். நான்கு வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளில் கால் பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31தான் எல்லை. டிசம்பரில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்தவர்களுக்கு ‘கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு’ என்ற முத்திரை, ஜனவரியில் பிறந்தவர்களைவிட ஆண் பிள்ளைகளில் 30 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 70 சதவீதமும் அதிகமாக விழுந்திருந்தது. பிறந்த மாதத்தால் ஒருவருக்கு நோய் வருமா என்ன? வயதுக்கேற்ற துள்ளலைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டதால் வந்த வினை அது. உதவி தேவைப்படும் குழந்தைகள் நிச்சயம் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டுபிடிப்பதில் உங்கள் கண் எங்கள் கண்ணைவிடக் கூர்மையானது. ஒரு பருவம் பொறுத்துச் சொல்லுங்கள் என்கிறேன். அதுவும் மற்ற பெற்றோர் காதுபட வாசலில் வைத்து வேண்டாம்.

எங்களுக்குத் தகவல் வேண்டும் என்பதுதான் அடிக்கடி சண்டைக்குக் காரணமாகிறது. முப்பது பெற்றோரும் வாட்ஸப் குழுவில் ‘சாப்பிட்டானா, அழுதானா’ என்று கேட்டால் டீச்சர் எப்போது வகுப்பெடுப்பது? எனக்கே அந்தக் குழுவைப் பார்த்தால் தலைவலி வரும். முதல் இரண்டு வாரம் மட்டும், ஒரு சின்னச் சீட்டைப் பையில் போட்டு அனுப்புங்கள். சாப்பிட்டது, கழிப்பறைக்குப் போனது, யாரோடு விளையாடியது, இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு சொல். பின்பக்கத்தில் நாங்கள் வீட்டு நிலவரத்தை ஒரு வரி எழுதி அனுப்புகிறோம். இப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் பெரியவளின் தண்ணீர் பாட்டில் சமாச்சாரம் மூன்றாம் நாளே வெளியே வந்திருக்கும். மாடிக்கு வகுப்பு மாறிய மற்ற பிள்ளைகளில் இன்னும் எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்களோ, அதுவும் தெரிந்திருக்கும்.

இத்தனையும் ஒரே ஆண்டில் எல்லாப் பிரிவுகளிலும் செய்ய முடியாது என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு மழலையர் வகுப்பில் ஒரு பிரிவிலும் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிரிவிலும் மட்டும் செய்து பாருங்கள். மற்ற பிரிவுகள் இப்போது இருப்பதுபோலவே நடக்கட்டும். மாதக் கடைசியில் இரண்டு பக்கத்து வகுப்பாசிரியர்களையும், கூடவே அந்த உதவியாளர் அம்மாக்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள், யாருக்கு வேலை எளிதாக இருந்தது என்று. அடையாள அட்டை தயாரிப்பது, அட்டவணை போடுவது, வர முடியாத வீடுகளுக்கு ஆள் ஏற்பாடு செய்வது ஆகியவற்றைப் பெற்றோர் தரப்பில் நாங்கள் சிலர் பார்த்துக்கொள்கிறோம். எந்தத் தேதியில் வந்து பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பில் ஒன்றும் ஒன்றாம் வகுப்பில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளின் அப்பா